கோடை அருவிகள்: கும்பக்கரை முதல் அதிரப்பள்ளி வரை ஆறு நாள்

முதல் நாள்: தேனி, பெரியகுளம், கும்பக்கரை

மே மாதத்தில் அருவி தேடி வண்டி எடுக்கிறவர்களில் பலர் வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அருவியின் பெயரை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பதால் வரும் வினை அது. கோடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த அருவிக்கு மேலே என்ன இருக்கிறது? சோலைக்காடும் புல்வெளியும் இருந்தால் மழை நின்று மாதங்கள் கழித்தும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அணை இருந்தால் மதகையும் மின் உற்பத்தியையும் பொறுத்து வரும். இரண்டும் இல்லாத செங்குத்துச் சரிவானால் மழை பெய்தால்தான் அருவி.

இந்தக் கணக்கில்தான் குற்றாலம் இந்தப் பயணத்தில் இல்லை. அங்கே சீசன் ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலோடு தொடங்குவது. மூணாறுக்குக் கீழே அடிமாலிக்கும் நேரியமங்கலத்துக்கும் இடையில் சாலையோரமாகவே விழும் சீயப்பாறை, வாளறை அருவிகளும் மழைக்காலத்துக்கு உரியவை. ஜூலையில் கார் கண்ணாடி வரை சாரல் அடிக்கும் சீயப்பாறையில் ஏப்ரலில் ஏழு படிப் பாறையும் ஈரக்கோடும்தான் மிச்சம்.

வண்டியைத் தேனியிலேயே பார்த்துவிட வேண்டும். பிரேக் பேடு, பிரேக் ஆயில், கூலன்ட், ஸ்டெப்னியில் காற்று, வைப்பர் ரப்பர். கோடைப் பயணத்துக்கு வைப்பர் எதற்கு என்று விடுகிறவர்கள்தான் மாலை இடிமழையில் கொண்டை ஊசி வளைவில் கண் தெரியாமல் நிற்கிறார்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதித்துக் குமிழி விடும், பெடல் காலுக்குக் கீழே மெத்தென்று போகும். டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் பிடிக்க வேண்டும். சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும்.

கும்பக்கரை பெரியகுளத்திலிருந்து 8, 9 கிலோமீட்டர். மாந்தோப்புகளுக்கு நடுவே போகும் சாலை, கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் முடிகிறது. தண்ணீர் தருவது பாம்பாறு. மேலே கொடைக்கானல், வட்டக்கானல், வெள்ளகெவிப் பகுதிகளில் பெய்யும் மழைதான் இங்கே வந்து இறங்குகிறது. அருவியே இரண்டு கட்டம். மேல் கட்டத்தில் பாறைக்குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஆழமான இந்தக் குழிகளைக் கஜம் என்கிறார்கள். யானை, புலி, பாம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கின் பெயர். அதற்கும் கீழே சுமார் அரை கிலோமீட்டர் ஓடித்தான் குளிக்கும் அருவி.

கஜத்தின் பக்கம் போகாதீர்கள். மேலே அசைவே இல்லாத பச்சைத் தண்ணீர்தான் தெரியும். உள்ளே பாறைச்சுவர் குடம் போல உட்பக்கம் குடைந்திருக்கும். விழுந்தவர் மேலே வரும்போது தலைக்கு மேல் பாறை இருக்கும், கைக்குப் பிடி கிடைக்காது. நீச்சல் தெரிவது இங்கே பெரிதாக உதவாது. வனத்துறை வேலி போட்ட இடத்துக்கு அப்பால் படம் எடுப்பதற்குக்கூட ஒரு அடி வைக்கக் கூடாது.

குளிக்கும் இடத்திலும் கோடைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நீர்வரத்து குறையும்போது பாறையில் பாசி பிடிக்கிறது. வெள்ளம் ஓடும் மாதங்களில் மணலும் கல்லும் உரசிப் பாறையைச் சுத்தமாக வைத்திருக்கும். மேயில் மெல்லிய நீர்ப்படலமும் வெயிலும் சேர்ந்து பாறையை எண்ணெய் தடவியது போல ஆக்கிவிடுகின்றன. ரப்பர் செருப்பு இதில் வழுக்கும். வெறுங்காலை விடவும், பழைய பருத்திக் காலுறையை நனைத்துப் போட்டுக்கொண்டால் பிடிப்பு கிடைக்கிறது. நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்த்துங்கள். கறுத்து மினுங்கும் பாறையை விட்டு வெளிறிச் சொரசொரப்பாக இருக்கும் பாறையைப் பாருங்கள். சோப்பும் ஷாம்பும் இங்கே தடை. அந்தத் தடை ஆற்றுக்கு மட்டும் நல்லதல்ல, உங்களுக்கு அடுத்து அந்தப் பாறையில் கால் வைக்கிறவருக்கும் நல்லது.

கவுண்டர் திறக்கும் நேரத்துக்கே போய்ப் பதினொன்றுக்குள் கரையேறிவிடுவது சரி. கோடை மழை வழக்கமாக மதியம் இரண்டுக்குப் பிறகுதான் திரளும். காலை வெயிலில் மலைச்சரிவு சூடேறி, காற்று மேலெழுந்து, மாலையில் இடியோடு கொட்டும். அது மலைமேல்தான் கொட்டும். அடிவாரத்தில் நிற்பவர் தலைக்கு மேல் நீலவானம் இருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் இறங்கி ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அதுவும் சீசன் தொடங்காத கோடை நாள்தான்.

வெள்ளம் வருவதற்கு முன் தண்ணீர் சில அறிகுறி சொல்லும். தெளிந்த நீர் காப்பி நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். அருவியின் இரைச்சல் கனத்து, மேலேயிருந்து மண்வாசனையோடு சில்லென்று காற்று இறங்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் துண்டு, செருப்பு, கைபேசி எதையும் எடுக்கத் திரும்பாமல் வெளியேறுங்கள். ஆற்றின் போக்கில் கீழே ஓடக் கூடாது. பக்கவாட்டில், கரைமேட்டின் மீது ஏற வேண்டும். ஆற்று நடுப்பாறையில் ஏறி நின்றுகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

இரவு போடிநாயக்கனூரில் தங்கல்.

இரண்டாம் நாள்: போடிமெட்டு, மூணாறு

காலை ஆறு மணிக்கே மலை ஏறத் தொடங்குவது நல்லது. தேனிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் காலையில் இந்தச் சாலையில் பறக்கும். அவர்களுக்கு வளைவெல்லாம் மனப்பாடம். பின்னால் வந்தால் ஒதுங்கி விட்டுவிடுங்கள். சாலை தேசிய நெடுஞ்சாலை 85, கொச்சியிலிருந்து தொண்டி வரை போவது.

ஏற்றத்தில் வண்டியின் பகை சூடு. கோடையில், நாலைந்து பேரும் சாமானும் ஏற்றிய சின்ன வண்டி, ஏசி ஓடிக்கொண்டே இரண்டாம் கியரில் ஏறினால் வெப்பமுள் மேலே போகும். முதலில் ஏசியை நிறுத்துங்கள். அப்படியும் இறங்காவிட்டால் ஹீட்டரை முழுதாக வைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு வண்டிக்குள் வெளியேறும். வேர்க்கும், ஆனால் வண்டி பிழைக்கும். சிவப்பைத் தொட்டால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி அணைத்துவிட்டு, அரைமணி நேரத்துக்கு ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

வாந்தி வரும் பிள்ளைகளை முன்னிருக்கையில் உட்கார வையுங்கள். புறப்படும் முன் இரண்டு இட்லி போதும், வெறும் வயிறும் ஆகாது, பொங்கலும் வடையும் ஆகவே ஆகாது. கைபேசியைப் பிடுங்கி வைத்துவிடுவதே பாதி மருந்து.

பூப்பாறை தாண்டிப் பெரியகானல் அருவி சாலையிலிருந்தே தெரியும். மேயில் மெலிந்துதான் இருக்கும். பார்ப்பதற்காக வளைவிலேயே வண்டியை நிறுத்தாதீர்கள், கடை வரிசையைத் தாண்டி ஒதுக்கிவிட்டு நடந்து வாருங்கள்.

மூணாறைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மே மாதச் சனி, ஞாயிறுகளில் ஊருக்குள் நுழையவே ஒரு மணி நேரம் பிடிக்கும். செவ்வாய், புதன் வாக்கில் வரும்படி திட்டமிட்டால் பயணமே வேறாக இருக்கும். பள்ளிவாசல் பக்கம் 9 கிலோமீட்டரில் இருக்கும் ஆட்டுக்காடு அருவிக்குச் செல்லும் கிளைச்சாலை குறுகல். எதிரே ஜீப் வந்தால் யாராவது ஒருவர் பின்னோக்கி எடுத்தே ஆக வேண்டும். ரிவர்ஸ் எடுக்கத் தயங்குகிறவர்கள் மேலேயே வண்டியை விட்டு நடந்துவிடலாம்.

பள்ளிவாசல்தான் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம், 1940இல் இயங்கத் தொடங்கியது. முதிரப்புழையாற்றின் நீரை மூணாறிலேயே தடுத்துக் குழாய்க்குத் திருப்புகிறார்கள். மூணாறுக்குக் கீழே ஆறு கோடையில் ஏன் இத்தனை மெலிகிறது என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

மூன்றாம் நாள்: லக்கம், மறையூர், சின்னாறு

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு அருவிதான் பார்க்க நேரம் என்றால் அது லக்கமாக இருக்கட்டும். மூணாறிலிருந்து மறையூர் போகும் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர். வண்டியை நிறுத்தினால் சில நிமிட நடைதான். உயரம் பெரிதல்ல. ஆனால் மேலே இருப்பது இரவிகுளம்.

ஆனைமுடியைச் (2,695 மீட்டர்) சுற்றிய மேட்டுநிலம் அது. மேடெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் சோலை. மழை புல்லின் வேர்ப்பிடிப்பில் இறங்கி, கறுத்த மண்ணில் ஊறி, மடிப்புகளில் மெல்லக் கசிந்து ஓடையாகிறது. மழை இல்லாத மாதங்களிலும் மூடுபனி மரங்களின் பாசியில் படிந்து சொட்டுகிறது. மழை பெய்ததும் வழித்துக்கொண்டு ஓடும் வெறும் சரிவில் இது நடக்காது. அதனால்தான் மற்ற அருவிகள் அற்றுப்போகும் ஏப்ரலில்கூட லக்கம் பெரும்பாலும் மெலிந்தேனும் ஓடும், மேயில் இரண்டு கோடை மழை விழுந்துவிட்டால் நன்றாகவே தேறிவிடும். தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், கை வைத்தால் விறைக்கும்.

அந்தக் குளிரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெயிலில் வந்த உடம்போடு அருவிக்குக் கீழே சட்டென்று தலையைக் கொடுத்தால் மூச்சு அடைக்கும், தன்னையறியாமல் வாயைத் திறந்து தண்ணீரை இழுத்துவிடுவோம். முதலில் கால், பிறகு கை, கழுத்து, கடைசியாகத் தலை. இதயநோய் உள்ளவர்களும் வயதானவர்களும் ஓடையில் காலை நனைத்துக்கொள்வதோடு நிறுத்துவது நல்லது. நேற்று மழை பெய்திருந்தால் புல்லில் அட்டை இருக்கும். கடித்த அட்டையைப் பிய்க்காதீர்கள். உப்பைத் தொட்டு வைத்தால் தானே விழும்.

இரவிகுளத்து ஓடை பாம்பாற்றில் சேர்கிறது. முதல் நாள் கும்பக்கரையில் பார்த்த பாம்பாறு வேறு, இது வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் இணையத்தில் இரண்டையும் குழப்பி எழுதுகிறார்கள். மறையூர்ப் பாம்பாறு கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே பாயும் மூன்றில் ஒன்று. கபினியும் பவானியும் மற்றவை. இது தமிழ்நாட்டுக்குள் வந்து அமராவதியாகிறது. லக்கத்தில் தலையில் விழுந்த தண்ணீர் கரூர் பக்கம் காவிரியைப் போய்ச் சேரும்.

மறையூரில் சந்தனக்காட்டையும் முனியறைகள் என்னும் பெருங்கற்காலப் புதைமேடைகளையும் வழியிலேயே பார்த்துவிடலாம். வெல்லம் வாங்குகிறவர்கள் ஆலைக் கொட்டகையிலேயே வாங்குங்கள். மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. உருண்டையாக, அடர்பழுப்பாக இருக்கும்.

மறையூரைத் தாண்டியதும் காடு முள்காடாக மாறிவிடுகிறது. சின்னாறு மழைமறைவுப் பகுதி, ஆண்டுக்குச் சுமார் 48 மழை நாட்கள்தான் என்பார்கள். இந்த வறண்ட காட்டுக்கு நடுவில்தான் தூவானம் அருவி. சாலையிலிருந்து பார்த்தால் தொலைவில் பச்சைக்கு நடுவே வெள்ளைக் கோடு. இங்கே மழை இல்லாமலே ஓடுவதற்குக் காரணமும் மேலே இருக்கும் அதே இரவிகுளம்தான். கிட்டே போக வனத்துறை வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி. ஆலாம்பட்டியிலிருந்து நடந்து போய்த் திரும்ப அரைநாள் ஒதுக்க வேண்டும். காட்டுத்தீக் காலத்தில் நடையை நிறுத்திவைப்பார்கள் என்பதால் மறையூரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டிகள் அங்கேயே வாழும் முதுவர், மலைப்புலையர் குடிகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கால் வைத்த கல்லில் கால் வைத்தால் போதும்.

இறக்கத்தில் சூடு எஞ்சினை விட்டுப் பிரேக்குக்கு மாறுகிறது. எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்ற பழைய லாரிக்காரர் விதியை மீறாதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலை. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ள இன்றைய எஞ்சின்களில் கியரில் இறங்கும்போதுதான் எரிபொருள் நின்றுபோகிறது, நியூட்ரலில் ஐடில் ஓடப் பெட்ரோல் செலவாகவே செய்யும். பிரேக்கை விடாமல் லேசாக அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் உறுதியாக அழுத்தி வேகத்தைக் கொன்று, காலை எடுத்துவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும்.

கருகல் வாடை வந்தால் சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, டயருக்குக் கல் முட்டுக் கொடுத்து இருபது நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிப்போகும், டிரம் விரிசல் விடும். கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரத்தில் தள்ளிவிட்டுப் போவது பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரின் உயிருக்குச் செய்யும் உதவி. மலைச்சாலைகளில் நடுவழியில் கிடக்கும் கற்களில் பாதி இப்படி மறந்து விட்டவைதான்.

சின்னாறு செக்போஸ்டிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் ஒன்பதாறு செக்போஸ்ட் வரை கோடையில் யானைகள் சாலையைக் கடந்து அமராவதி அணைக்குத் தண்ணீர் குடிக்க வரும். மாலை நாலு மணிக்குள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். இரவில் போக்குவரத்து கிடையாது. உடுமலையில் தங்கல்.

நான்காம் நாள்: திருமூர்த்திமலை

உடுமலையிலிருந்து 20 கிலோமீட்டர். அடிவாரத்தில் அமணலிங்கேசுவரர் கோயில், அங்கிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் ஏறினால் பஞ்சலிங்க அருவி. கோடையில் வெறும் பாறையாகவும் இருக்கலாம், மேலே ஒரே ஒரு மழையில் கோயிலைச் சூழ்ந்து வெள்ளமாகவும் வரலாம். நடுத்தரமாக இருப்பது குறைவு. அதனால் உடுமலையிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். குளிக்க விடவில்லை என்றால் காவலரோடு வாதாடாதீர்கள். மலைமேல் மழை என்று அவருக்கு வந்த தகவல் உங்களுக்கு வந்திருக்காது.

கீழே திருமூர்த்தி அணையில் கிடக்கும் தண்ணீரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதில் பெரும்பகுதி இந்த மலையில் பெய்ததல்ல. வால்பாறைக்கு மேற்கே, கேரளம் நோக்கி ஓடியிருக்க வேண்டிய மழை அது. சோலையாறு அணையிலிருந்து பரம்பிக்குளம், அங்கிருந்து தூணக்கடவு, பிறகு மலையைக் குடைந்த சுரங்கத்தில் சர்க்கார்பதி மின்நிலையம், கடைசியாக மலைச்சரிவை ஒட்டியே 49 கிலோமீட்டர் வளைந்து வரும் காண்டூர் கால்வாய். இது பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம். அதற்கான தமிழக-கேரள ஒப்பந்தம் 1970 மே 29இல் கையெழுத்தானது. இதே தண்ணீரின் மறுபங்கை இன்னும் இரண்டு நாளில் அதிரப்பள்ளியில் பார்க்கப்போகிறோம்.

கால்வாயில் மட்டும் இறங்காதீர்கள். சிமெண்டுப் பூசிய சரிவான கரை, உள்ளே வேகம் அதிகம், ஏறிவர ஒரு கீறல்கூட இருக்காது.

ஐந்தாம் நாள்: ஆழியாறு, கவியருவி, வால்பாறை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு. இப்போது இ-பாஸ் வேண்டும், முன்தினமே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் உட்பட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை ஆழியாறு செக்போஸ்டில் வாங்கி வைத்துவிடுவார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். நுழைவுச்சீட்டும் அங்கேதான்.

சீட்டு வாங்கும்போதே குரங்கு அருவி திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். அரசுப் பலகையில் கவியருவி என்று எழுதியிருக்கும். கவி என்றால் குரங்கு, பாட்டுப் பாடுகிறவர் அல்ல. கவர்கல், சக்தி, தலநார் எஸ்டேட்டுகளை ஒட்டிய காடுகளில் பெய்தால்தான் இங்கே நீர்வரத்து. அந்தச் சரிவுகளில் ஊறவைக்கும் புல்வெளி மேட்டுநிலம் இரவிகுளத்தின் அளவுக்கு இல்லை. அதனால் ஏப்ரல், மேயில் நீரின்றி மூடுவதும், ஒரே இரவு மழையில் வெள்ளம் என்று மூடுவதும் ஒரே வாரத்திலேயே நடக்கும். திறந்திருந்தால் காலையிலேயே குளித்துவிடுங்கள். சாப்பாட்டுப் பையை வண்டிக்குள் வைத்துக் கண்ணாடியை முழுதாக ஏற்றிவிடுங்கள். குரங்குக்குத் தின்ன ஏதும் கொடுக்கக் கூடாது. கொடுத்துப் பழக்கியதால்தான் அவை சாலையோரமே குடியிருந்து வண்டியில் அடிபடுகின்றன.

வளைவு ஓட்டும் முறை: ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவில் கிளட்சை மிதித்தால் வண்டி இழுவையை இழந்து பின்னால் சரியும். எதிரே பேருந்து வருவது தெரிந்தால் வளைவுக்குள் நுழையாமல் இருபது அடி முன்னாலேயே நில்லுங்கள். பேருந்துக்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். கீழ்ப்பக்க வளைவுகளிலிருந்து ஆழியாறு நீர்த்தேக்கம் விரிந்து தெரியும். ஒன்பதாம் வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். அங்கே பாறைகளில் வரையாடு நிற்பதைக் காலை நேரத்தில் பார்க்கலாம். சுவருக்கு வெளியே போய்ப் படம் எடுக்க வேண்டாம், ஆட்டைத் துரத்தவும் வேண்டாம்.

வால்பாறைக்குச் சற்று முன் புதுத்தோட்டம். சிங்கவால் குரங்குகள் அங்கே சாலையைக் கடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் அது. மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் யாருக்கும் நஷ்டமில்லை.

சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே மழை மிகுந்த இடங்களில் ஒன்று. அருவிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், பல மாதங்கள் விடுவதில்லை. கூழாங்கல் ஆறு எல்லாருக்கும் திறந்தது, கோடையில் முழங்காலளவு. ஆனால் எஸ்டேட் வழியே ஓடும் மற்ற ஆறுகளில் பலகை இல்லாத இடத்தில் இறங்காதீர்கள். மணல் எடுத்த பள்ளமும் சுழலும் வெளியே தெரியாது.

ஆறாம் நாள்: மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி

வால்பாறையிலேயே டேங்கை நிரப்புங்கள். இனி அதிரப்பள்ளி வரும் வரை பங்க் கிடையாது. கைபேசி சிக்னலும் பெரும்பாலும் கிடையாது, வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சோலையாறு அணை தாண்டி மளுக்கப்பாறை செக்போஸ்டில் வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, நேரம் எல்லாம் பதிவு செய்வார்கள். மறுமுனை வாழச்சாலில் அந்தச் சீட்டைச் சரிபார்ப்பார்கள், பிளாஸ்டிக்கையும் எண்ணுவார்கள். காலை எட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவசரப்படாமல் போகலாம். மாலையில் வந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

காட்டுக்குள் சாலை குறுகல், மூங்கில் இருபுறமும் கவிந்திருக்கும். 2022 நவம்பரில் எதிரே தனித்த கொம்பன் யானை வந்ததால் ஒரு தனியார் பேருந்தை ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பின்னோக்கியே ஓட்டிவந்த சாலை இதுதான். அந்த ஓட்டுநர் செய்ததே சரியான முறை. யானை தெரிந்தால் தொலைவிலேயே நில்லுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள், ஹாரன் கூடாது, விளக்கைப் பளிச்சிடக் கூடாது, யாரும் இறங்கக் கூடாது. அது நகரும் திசையை அடைக்காமல் மெல்லப் பின்வாங்குங்கள்.

வாழச்சாலில் சாலக்குடி ஆறு செங்குத்தாக விழுவதில்லை, பாறைச்சரிவில் நுரைத்துச் சறுக்கி ஓடுகிறது. குளிக்க அனுமதி இல்லை. இங்கே நிற்பவர்கள் ஆற்றை மட்டும் பார்க்காமல் மேலேயும் பார்க்க வேண்டும். தென்னிந்தியாவின் நான்கு வகை இருவாச்சிகளும் இந்தக் காட்டில் உண்டு. பெரிய இருவாச்சி தலைக்கு மேல் பறந்தால் நீராவி ரயில் மூச்சு விடுவது போலச் சிறகோசை கேட்கும். இந்த ஆற்றங்கரைக் காடு காடர் பழங்குடிகளின் வீடு. வாழச்சால் காடர்களுக்குச் சமூக வன உரிமை 2014இல் கிடைத்தது. அருவிக்கு மேலே 163 மெகாவாட் அணை கட்டும் திட்டத்தை அவர்களும் ஊராரும் பல ஆண்டுகளாக எதிர்த்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நியாயமான எதிர்ப்பு. அந்த அணை வந்தால் அதிரப்பள்ளியில் பாறைதான் பார்க்கக் கிடைக்கும்.

அதிரப்பள்ளி அருவி சுமார் 80 அடி. வாழச்சாலிலிருந்து 5 கிலோமீட்டர், இரண்டுக்கும் ஒரே நுழைவுச்சீட்டு, எங்கே வாங்கினாலும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இடையில் சாலையோரம் உள்ள சார்ப்பா அருவி கோடையில் காய்ந்து கிடக்கும். பக்கத்துப் பாறை காய்ந்திருக்க அதிரப்பள்ளியில் மட்டும் எப்படித் தண்ணீர் என்றால், மேலே பொரிங்கல்குத்து அணை இருக்கிறது. 1957இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையம் அது. கோடையில் அருவியின் பருமன் அங்கே எத்தனை எந்திரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. மின்தேவை கூடும் நேரத்துக்கு உற்பத்தியைக் கூட்டும்போது ஆறு ஏறும், குறைக்கும்போது இறங்கும். மழையே இல்லாத தெளிந்த நாளில் ஆறு ஏறுவதும் இதனால்தான். கீழே கரையோரப் பாறைகளில் உட்காருகிறவர்கள், தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கல் மறைந்தால் எழுந்துவிடுங்கள்.

அருவியின் அடிக்கு இறங்கும் பாதை கல் பாவியது. இறங்கப் பதினைந்து நிமிடம், ஏற அதற்கு இரண்டு பங்கு. மே மாதப் புழுக்கத்தில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் இல்லாமல் இறங்கக் கூடாது. முட்டிவலி உள்ளவர்களுக்கு மேலேயுள்ள பார்வையிடமே போதும்.

அருவியைப் பார்க்க ஏற்ற நேரம் மதியத்துக்கு மேல். ஆறு மேற்கே பாய்வதால் அருவியும் மேற்கு முகம். காலையில் சூரியன் அருவிக்குப் பின்னால் நின்று கண்ணைக் கூசவைக்கும், படம் வெளிறிப்போகும். மூன்று மணிக்குப் பிறகு சூரியன் பார்ப்பவரின் முதுகுப்பக்கம் வந்துவிடும், சாரலில் வானவில் விழும். கைபேசியில் எடுப்பவர்கள் வெண்நுரையின் மீது விரல் வைத்து வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் அருவி வெள்ளைத்தாள் போல வரும்.

அதிரப்பள்ளியிலிருந்து சாலக்குடி 30 கிலோமீட்டர், நல்ல சாலை. வழியில் தும்பூர்முழித் தடுப்பணையில் ஆற்றை இரு கரைக் கால்வாய்களுக்குப் பிரித்துவிடுகிறார்கள். தொங்குபாலத்தில் நின்றால் தெரியும். சாலக்குடியில் தேசிய நெடுஞ்சாலை 544ஐப் பிடித்துத் திருச்சூர், பாலக்காடு வழியாகக் கோவைக்கோ, பாலக்காட்டிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கோ திரும்பலாம். திருச்சூரைத் தாண்டும் வரை மாலை நெரிசல் கடுமை. ஏழு மணிக்குள் சாலக்குடியை விட முடியாவிட்டால் அங்கேயே தங்கிவிட்டு, விடிகாலையில் பிரேக் ஆயில் அளவை இன்னொருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.